மத்தியஸ்தமும் ஒரு படிப்புதான்!

பெண்ணைச் சட்டம் படிக்க வைக்கலாம் என்றால், வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சற்று யோசிக்கிறார்கள். "நாளெல்லாம் கோர்ட்டு வாசலில் நிற்கணுமே!" என்பது அவர்கள் கவலை. ஆனால் பெரும்பாலும் கோர்ட்டுக்கு வெளியிலேயே நடக்கும் வக்கீல் வேலையும் உண்டு. அதற்கு ஆர்பிட்ரேஷன் என்று பெயர். நடுவர் தீர்ப்பு முறை என்று தமிழில் சொல்லலாம்.

நம் ஊர்ப் பஞ்சாயத்தை நினைத்துக் கொள்ளுங்கள். ஆனால் இந்த நடுவர் சொல்வது வெறும் சமாதானப் பேச்சல்ல. கோர்ட்டு டிக்ரியைப் போலவே அமலாகும். 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 1996-ல் வந்த சட்டம்தான் இதற்கு அடிப்படை. பணம், ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட தகராறுகளே இதில் வரும். கிரிமினல் வழக்கும் விவாகரத்தும் வராது.

பிளஸ் டூவோடு நின்ற எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் வீட்டைக் கட்டிய காண்டிராக்டர், தளம் போட்ட கையோடு வேலையை நிறுத்திவிட்டார். நாங்கள் கொடுத்ததோ நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம். 'தகராறு வந்தால் நடுவர் மூலம் தீர்த்துக் கொள்ள வேண்டும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. அவரோ தன்னிடம் வேலை பார்ப்பவரையே நடுவராகப் போடச் சொன்னார்.

சட்டம் படித்துக் கொண்டிருந்த என் அக்கா மகள்தான் தடுத்தாள். "கையெழுத்துப் போட்டுடாதீங்க சித்தி! நாம எழுதிக் கொடுத்துச் சம்மதிச்சால் ஒழிய, ஒரு தரப்போட ஊழியர் நடுவராக முடியாது. 2015-லேயே சட்டத்தைத் திருத்திட்டாங்க" என்றாள். பிறகு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஓய்வுபெற்ற இன்ஜினீயர் ஒருவர் நடுவரானார். நேரில் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், பில்களைக் கணக்கிட்டார். ஒரு வருடத்துக்குள் தீர்ப்பு வந்தது. நகையும் மீண்டது.

சரி, இதற்கு என்ன படிக்க வேண்டும்? பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 5 ஆண்டுச் சட்டப் படிப்பு, பட்டதாரிகளுக்கு 3 ஆண்டு. தபால் வழியில் படித்த சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தால் நல்லது. ஆர்பிட்ரேஷனுக்கென்றே டிப்ளமோக்களும் இருக்கின்றன.

படித்தபின் சட்ட நிறுவனங்களிலும், கம்பெனிகளின் சட்டப் பிரிவிலும் வேலை உண்டு. சென்னையிலுள்ள நானி பல்கிவாலா மையம் போன்ற நடுவர் மையங்களிலும் சேரலாம். நடுவர்களுக்கு உதவியாக வழக்குக் காகிதங்களைப் படித்துக் குறிப்பெடுக்கும் வேலையும் இருக்கிறது. விசாரணைகள் இப்போது வீடியோ மூலமும் நடக்கின்றன. கைக்குழந்தை உள்ள பெண்களுக்கு இது எவ்வளவு சௌகரியம்!

ஆனால் படித்த மறுநாளே நடுவராகிவிட முடியாது. பல வருட அனுபவமும் நேர்மையானவர் என்ற பெயரும் வேண்டும். ஆர்பிட்ரேஷனில் பெயர் பெற்ற இந்து மல்ஹோத்ரா, 2018-ல் வக்கீலாக இருந்தே நேரடியாகச் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியானார். அப்படி ஆன முதல் பெண் அவர்தான்.

சண்டை போடும் இரண்டு பிள்ளைகளுக்கும் பாரபட்சமில்லாமல் நியாயம் சொல்லும் பெண் உங்கள் வீட்டில் இருக்கிறாளா, சகோதரிகளே? இந்தப் படிப்பைப் பற்றி அவளிடம் சொல்லிப் பாருங்கள்.