ஆடைக்குள் ஒரு வானலை எண்

மஹய்யாவவின் மாநகர சபைத் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்தும் கண்டியைச் சூழ்ந்த தோட்ட லயங்களிலிருந்தும் ஆடைத் தொழிற்சாலைகளை நாடிச் செல்லும் தமிழ்ப் பெண்கள் பலர். பல்லேகலையிலும் கொழும்பைச் சார்ந்த வலயங்களிலும் அத்தகைய கரங்கள் தைக்கின்ற உடைகள் கடல் கடந்து மேலைநாட்டுக் கடைகளில் தொங்கும்போது, அவற்றுள் பலவற்றின் விலைச்சீட்டுக்குள் மெல்லிய உலோகத் தகடாலான ஓர் அன்டெனாவும், ஒரு மில்லிமீற்றர் அகலமும் இல்லாத ஒரு சில்லும் மறைந்திருக்கின்றன. மின்கலம் ஏதுமின்றி, அழைத்தவுடன் தன் எண்ணைச் சொல்லும் அந்தச் சாதனம், உலக வர்த்தகத்தின் போக்கையே சிறிது சிறிதாக மாற்றிவருகின்றது.

கடைகளில் நாம் காணும் கறுப்புக் கோட்டு பார்கோட், 1974 ஜூன் 26ஆம் திகதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சூயிங்கம் பொதியின் விற்பனையோடு வர்த்தக உலகில் பிரவேசித்தது. அதற்கு இரு குறைகள் உண்டு: அதை ஒளிக்கதிர் நேரே கண்டால்தான் வாசிக்க இயலும், மேலும் ஒரே ரகத்துச் சட்டைகள் ஆயிரம் இருந்தால், அவை அனைத்துக்கும் அது ஒரே எண்ணையே சூட்டும். இக்குறைகளை நீக்கும் நோக்கத்துடன் 1999இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் பிறந்த சஞ்சய் சர்மா, கெவின் ஆஷ்டன், டேவிட் புரொக் முதலியோர் அங்கு வகுத்த தத்துவம் மிக எளியது: சில்லில் ஓர் எண் மாத்திரம் இருக்கட்டும், அந்த எண்ணுக்குரிய விவரங்களையெல்லாம் கணினி வைத்துக்கொள்ளட்டும், அப்பொழுது சில்லின் விலை சில சதங்களுக்கு இறங்கிவிடும் என்பதே அது.

வாசிப்பான் என்னும் கருவி அனுப்பும் வானலையை அன்டெனா ஏற்று, அதிலிருந்து கிடைக்கும் அற்ப சக்தியைக் கொண்டே சில்லை விழிக்கச் செய்கின்றது. விழித்த சில்லு தானாக அலை எதையும் உற்பத்தி செய்வதில்லை. அன்டெனாவின் மின்தன்மையை மாற்றி மாற்றி, தன்மேல் விழும் அலை திரும்பும் அளவைக் கூட்டியும் குறைத்தும், அந்த ஏற்றத்தாழ்வின் மூலமே எண்ணைத் தெரிவிக்கின்றது. திருப்பி அனுப்பப்படும் அலையால் செய்தி சொல்லும் இந்த முறையை ஹரி ஸ்டொக்மன் 1948இலேயே ஓர் ஆய்வுரையில் விளக்கியிருந்தார். இன்று பெரிதும் பிரயோகத்திலுள்ள எண், 0 அல்லது 1 ஆகிய இரும இலக்கங்கள் 96 கொண்டது. அதில் தனிப்பொருளின் வரிசை எண்ணுக்கு மட்டும் 38 இரும இலக்கங்கள் ஒதுக்கப்பட்டிருப்பதால், ஒரே ரகத்துச் சட்டையில் 27,000 கோடிக்கு மேற்பட்டவற்றுக்குத் தனித்தனிப் பெயர் சூட்டலாம்.

ஆனால் ஒரு பெட்டிக்குள் இருக்கும் நூறு சில்லுகளும் ஒரே கணத்தில் பதில் சொன்னால் வாசிப்பான் எதைக் கேட்கும்? காலையில் ஆள் கணக்கெடுக்கும் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் அனைவரும் ஒருசேரத் தம் பெயரைக் கூவினால் ஒரு பெயரும் காதில் விழாதல்லவா? ஆகையால் ஒவ்வொரு சில்லும் ஓர் எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்து, வாசிப்பான் தரும் ஒவ்வொரு சைகைக்கும் அதில் ஒன்றைக் குறைத்து, பூச்சியத்தை அடைந்ததும் பேசுகின்றது; இரண்டு சில்லுகள் மோதிக்கொண்டால் அவை பின்னர் மறுபடியும் எண் தேர்ந்துகொள்ளும். 2004 டிசம்பரில் அங்கீகரிக்கப்பட்ட சர்வதேச நியமம் வகுத்த இந்த ஒழுங்கினால், பெட்டியைத் திறவாமலேயே அதனுள் உள்ளவற்றைச் சில செக்கன்களில் எண்ணிவிட முடிகின்றது.

இத்தகைய சாதனம் உடனே எங்கும் பரவிவிடவில்லை. அமெரிக்காவின் வால்மார்ட், 2005 ஜனவரி முதல் தனக்குச் சரக்கு வழங்கும் நூறு பெரிய நிறுவனங்கள் பெட்டிகளிலும் சரக்குத் தட்டுகளிலும் இச்சில்லைப் பொருத்த வேண்டுமென்று 2003இல் அறிவித்தது. அம்முயற்சி எதிர்பார்த்தபடி பலிக்கவில்லை. செலவு ஒரு காரணம். இயற்கை மற்றொரு காரணம். நீர் இவ்வலையை உறிஞ்சிவிடும், உலோகம் அதைத் திருப்பிவிடும். ஆகவே பானப் போத்தல்களும் தகர டின்களும் அதற்கு இடையூறாயின. உலர்ந்த துணியோ அலையைத் தடுப்பதில்லை. மேலும் ஒரே சட்டை பல அளவிலும் பல நிறத்திலும் வருவதால், கணக்குப் பிழை மிகுதியாக நேர்வதும் ஆடைக் கடையில்தான். வால்மார்ட் 2010இல் ஜீன்ஸ், உள்ளாடைகளிலிருந்து மறுபடி தொடங்கியதற்குக் காரணம் இதுவே.

பிரித்தானியாவின் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் இதை முன்னரே உணர்ந்து, 2003இல் ஹை விக்கம் நகரக் கடையில் ஆடைகளுக்கு இச்சில்லைப் பரீட்சித்தது. பிராண்டிக்ஸ், எம்.ஏ.எஸ். ஆகிய இலங்கை நிறுவனங்கள் அதற்கு நெடுங்காலமாக ஆடை வழங்கி வருபவை. சில்லு கடையில் பொருத்தப்படுவதிலும் பார்க்கத் தொழிற்சாலையிலேயே பொருத்தப்படுவது சிக்கனம் என்பதால், அந்த வேலை நம் நாட்டின் பொதியிடும் மேசைக்கு வந்து சேர்ந்தது. செல்வ நாடுகள் ஆடை இறக்குமதிக்கு விதித்திருந்த கோட்டா முறை 2005 ஜனவரி 1இல் முற்றாக நீங்கியதையும் இங்கு நினைக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட பங்கு போனபின், சீனாவோடும் வங்காளதேசத்தோடும் விலையில் மாத்திரம் போட்டியிட இயலாத இலங்கைக்கு, சொன்ன நாளில், சொன்ன அளவில், பிழையின்றி அனுப்புவதே பலமாயிற்று. கப்பலேறுமுன் பெட்டியிலுள்ள அளவுப் பிழையைக் காட்டிவிடும் சாதனம் அந்தப் பலத்துக்குத் துணையாகின்றது.

ஆயினும் மலையகத்தான் ஒருவன் இதனை எழுதுகையில் இன்னொரு சரித்திரத்தை மறத்தல் இயலாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்குத் திரட்டப்பட்ட நம் முன்னோர் பலருக்கு எண் பொறித்த தகர வில்லையொன்று கொடுக்கப்பட்டது. முகாமிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து புகையிரதத்துக்கும், அங்கிருந்து தோட்டத்துக்கும் அவர்களைச் சேர்ப்பித்தது அந்த எண். வழிச்செலவு அதன்பேரில் தோட்டத்துக் கணக்கில் ஏறிற்று. பட்ட கடனைக் குறித்து ஆளைத் தோட்டத்தோடு பிணைத்த துண்டு முறையோ 1921ஆம் ஆண்டின் சட்டத்தினால்தான் ஒழிந்தது. எண் இடுபவனுக்கு எல்லாம் தெரிந்தது. எண்ணைச் சுமந்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதே அன்றைய அநீதி.

இன்று எண்ணைச் சுமப்பது துணி. அது மனிதகுலத்தின் முன்னேற்றமே என்பதில் ஐயமில்லை. ஆனால் தையற்கூடங்களில் துணிக்கட்டோடு இத்தகைய சில்லுள்ள அட்டை இணைத்து, எந்த யந்திரத்தில் எத்தனை நிமிஷம் என்று அளக்கும் முறைகளும் உலகெங்கும் பெருகிவருகின்றன. அந்த அளவு இலக்கை உயர்த்துவதற்கு மாத்திரம் உபயோகப்பட்டால், பழைய அநீதி புதிய வேஷம் தரிக்கும். தைத்தவளும் அதே கணக்கைப் பார்த்துத் தன் ஊதியத்தைச் சரிபார்க்க முடிந்தால், அது நியாயத்தின் கருவியாகும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குவிதி, ஆடை முதலிய பொருள்களுக்கு அவற்றின் வரலாற்றைக் கூறும் மின்னணுக் கடவுச்சீட்டைப் படிப்படியாகக் கோரவிருக்கின்றது. நூலின் பிறப்பையும் சாயத்தின் தன்மையையும் அதில் எழுதத் துணியும் உலகம், தைத்தவளுக்குக் கிடைத்த கூலியையும் எழுதும்படி நம் தொழிற்சங்கங்களும் அரசாங்கமும் இப்பொழுதே வற்புறுத்த வேண்டும். அதற்கு விஞ்ஞானத்தில் தடை ஏதுமில்லை. வேண்டுவது மனம் ஒன்றே.