மூப்பின் கணக்கும் யந்திரத்தின் வாக்கும்

நரை, திரை, மூப்பு என்னும் மூன்றையும் வெல்ல வேண்டுமென்ற ஆசை மனிதனுக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. காயகற்பம் தேடிய நம் சித்தர்கள் முதல் மேனாட்டு விஞ்ஞானிகள் வரை அதற்கு ஆட்பட்டவர் பலர். இக்காலத்திலோ கணக்கிடும் யந்திரங்களுக்கே பாடம் கற்பித்து, தேகத்திலுள்ள ஜீவ அணுக்கள் மூப்படையும் விதத்தை ஆராயத் தலைப்பட்டிருக்கிறார்கள். இம்முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும் யந்திரம் சொல்வதனாலேயே ஒன்றை வேதவாக்காகக் கொள்ளலாமா என்பது சிந்திக்க வேண்டிய விஷயம்.

பழைய சரித்திரம் ஒன்று இதற்குத் தக்க பாடமாகும். 1912-ல் நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில் அலெக்ஸிஸ் காரெல் என்பவர், கோழிக் கருவின் இருதயத்திலிருந்து எடுத்த அணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கத் தொடங்கினார். அவை 1946 வரை வளர்க்கப்பட்டன. தனித்து வளரும் அணுக்களுக்கு மரணமே இல்லை என்பது அவர் கொள்கை. நோபல் பரிசு பெற்றவரின் வாக்காயிற்றே! பிறருடைய அணுக்கள் மடிந்தபோது, தங்கள் கைத்திறனிலேயே குறை என்று அவர்கள் எண்ணினார்கள். 1961-ல் பிலடெல்பியாவில் ஹேப்ளிக், மூர்ஹெட் என்னும் இருவர் பொறுமையாக எண்ணிப் பார்த்து, மனித அணுக்கள் சுமார் 50 முறை பெருகியபின் நின்றுவிடுகின்றன என்று காட்டினார்கள். பெரியவர் சொல்லால் அரை நூற்றாண்டு நிலைத்த பிரமை, எண்ணிப் பார்த்ததனால் கலைந்தது.

இனி யந்திரத்தின் வேலையைக் காண்போம். அணுவிலுள்ள டி.என்.ஏ. இழையின்மேல் மெதில் என்னும் ரசாயனக் குறிகள் அமைந்துள்ளன. வயது ஏற ஏறச் சில இடங்களில் அவை கூடும். சில இடங்களில் குறையும். 2013-ல் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்டீவ் ஹார்வத், சுமார் 8,000 மாதிரிகளின் குறிகளையும் அவற்றுக்குரியவர்களின் வயதையும் யந்திரத்திடம் ஒப்படைத்தார். அது 353 இடங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றைக்கொண்டே வயதைக் கணிக்கக் கற்றது. பிழையின் நடுத்தர அளவு 3.6 ஆண்டு. இம்மாதிரிகளின் விவரங்கள் பல ஆராய்ச்சியாளர் பொதுவில் வெளியிட்டவை. அறிவைப் பூட்டி வைக்காமல் பகிர்ந்ததன் பலன் இது.

ஆனால் வயதைச் சொல்வது வேறு. மூப்பின் காரணத்தைச் சொல்வது வேறு. நரையைக் கண்டு வயதை ஊகிக்கலாம். நரைக்கு மை தீட்டினால் இளமை திரும்புமோ? ஒரே மனிதனுக்கு வெவ்வேறு கணிப்புமுறைகள் வெவ்வேறு வயது கூறுவதும் உண்டு. இதற்குள் “உமது உண்மையான வயது இன்னது” என்று விலைக்குச் சீட்டு எழுதித் தரும் கம்பெனிகளும் கிளம்பிவிட்டன.

இதனினும் முக்கியமான கேள்வி ஒன்றுண்டு: யந்திரம் யாருடைய தேகத்தைப் பார்த்துக் கற்றது? உலகத்து மரபணு ஆராய்ச்சிகளில் மிகப் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சத்தாரைப் பற்றியவை. காணாத தேகத்தைக் குறித்து யந்திரம் சொல்லும் தீர்ப்பு ஊகமே. சிறுவயதில் பசியும் வெயிலில் உழைப்பும் கண்ட நம் குடியானவனின் மூப்பு, அந்தக் கணக்கில் சரியாக அடங்கும் என்று எவ்வாறு நம்புவது?

நம் தேசம் வாளாவிருக்கவில்லை. 2017-ல் தொடங்கிய முதியோர் ஆய்வு, 45 வயதுக்கு மேற்பட்டோரையும் அவர்தம் வாழ்க்கைத் துணைவரையும் சேர்த்து 72,000 பேருக்கு மேல் விசாரித்தது. 2025 ஜனவரியில் 10,000 இந்தியரின் மரபணு விவரங்கள் ஆராய்ச்சியாளர்க்குத் திறந்துவிடப்பட்டன. ஆயினும் பிறப்பில் வந்த மரபு எழுத்தை மட்டும் படித்தால் போதாது. வயதோடு மாறும் குறிகளையும், கிராமத்தாரிடத்தும் ஆலைத் தொழிலாளரிடத்தும், பல்லாண்டுகள் தொடர்ந்து படித்தல் வேண்டும். ரத்தம் கொடுப்பவனுக்கு அதன் நோக்கத்தை அவன் தாய்மொழியில் விளக்கிச் சம்மதம் பெறவேண்டும். அவ்விவரங்கள் எந்தக் கம்பெனிக்கும் தனிச்சொத்தாகாமல் பொதுச்சொத்தாக இருத்தல் வேண்டும்.

பிறர் தேகத்தைக்கொண்டு செய்த அளவுகோலால் நம்மை அளந்துகொள்வதும் ஒருவகை அடிமைத்தனமே. எண்ணிப் பார்த்து உண்மை கண்ட அவ்விருவரின் வழியே நம் இளைஞர்க்கும் வழியாகுக.