எருக்கின் அமெரிக்கப் பங்காளி

ஜூன் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள பிரெய்ரி புல்வெளிகளில், முழங்கால் உயரத்தில், ஆரஞ்சு நிறக் கொத்துகள் தலைகாட்டத் தொடங்கும். பச்சைப் புல்லுக்கு நடுவே அந்த நிறம் வெகுதூரத்திலிருந்தே கண்ணில் பட்டுவிடும். தாவரவியல் பெயர் அஸ்கிளீபியஸ் டியூபரோசா. ஊரார் வைத்த பெயர் பட்டர்ஃபிளை வீட், அதாவது பட்டாம்பூச்சிக் களை. களை என்று அழைத்துக்கொண்டே வீட்டு வாசலில் வளர்க்கவும் செய்கிறார்கள். 2017-ல் அமெரிக்காவின் பல்லாண்டுச் செடிச் சங்கம் ஆண்டின் சிறந்த செடியாகத் தேர்ந்தெடுத்ததும் இதைத்தான்.

நம் ஊர் எருக்குக்கு இது நெருங்கிய உறவு. காய் வெடித்தால் பஞ்சு முளைத்த விதைகள் காற்றில் மிதந்து போவது இரண்டுக்கும் பொது. ஒரு வித்தியாசம்: எருக்கை ஒடித்தால் பால் கொட்டும், இதை ஒடித்தால் தெளிந்த நீர்தான் கசியும். இந்தப் பேரினத்தின் மற்ற செடிகளில் பெரும்பாலானவை பால் வடிப்பவை. இது விலகி நிற்கிறது.

உறவு நன்றாகத் தெரிவது பூவில். ஒவ்வொரு சிறு பூவிலும் ஐந்து இதழ்கள் கீழ்நோக்கி மடங்கியிருக்கும். அவற்றுக்கு மேலே தேன் நிரம்பிய ஐந்து சிறு கிண்ணங்கள். அடுத்தடுத்த கிண்ணங்களுக்கு இடையே ஒரு மெல்லிய பிளவு. பெரும்பாலான பூக்களில் மகரந்தம் தூளாக இருக்கும், பூச்சியின் உடம்பில் அப்பிக்கொள்ளும். இங்கே தூள் கிடையாது. மகரந்தம் முழுவதும் மெழுகுபோல் இறுகி, இரண்டிரண்டு பொதிகளாக, கொடியில் துணி மாட்டும் கிளிப்பைப் போன்ற ஒரு கருநிறக் கொக்கியில் தொங்குகிறது. தேன் குடிக்க வரும் குளவியோ தேனீயோ கால் ஊன்ற இடமில்லாமல் வழுக்கும். கால் பிளவுக்குள் இறங்கும். அதை மேலே இழுக்கும்போது கொக்கி காலைக் கவ்விக்கொள்ள, இரண்டு பொதிகளும் கூடவே வெளியே வந்துவிடும். சில நிமிடங்களில் பொதியின் காம்பு உலர்ந்து முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு ஏறிய பிறகுதான் பொதி அடுத்த பூவின் பிளவுக்குள் சரியான கோணத்தில் நுழைய முடியும்.

இவ்வளவு நுணுக்கத்துக்கு விலையும் உண்டு. ஒரு கொத்தில் பூக்கள் ஏராளம், காயாவதோ ஒன்றிரண்டு. வலுவில்லாத பூச்சிகள் காலை இழுக்க முடியாமல் மாட்டிக்கொண்டு, காலை இழந்தோ உயிரை இழந்தோ போவதும் உண்டு. இதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. எருக்கம்பூவிலும் இதே ஏற்பாடுதான். அங்கே பொதி சுமக்கும் வேலை, மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டு போன்ற தச்சன் தேனீயுடையது. ஒரு மெல்லிய ஊசியைப் பூவின் பிளவில் நுழைத்து மேலே இழுத்தால் மஞ்சள் பொதிகள் இரண்டும் ஊசியோடு வந்துவிடும்.

வளர்ப்பதற்கு வருவோம். இந்தச் செடிக்குப் பகைவன் பனியில்லை, வறட்சியும் இல்லை. தோட்டக்காரரின் உபசாரம்தான். மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் குளிரில் தண்டு முழுவதும் பட்டுப்போனாலும் ஆழ ஓடிய ஆணிவேர் மண்ணுக்குள் பிழைத்திருக்கும். புல்வெளியில் தீ ஓடிய பிறகும் அந்த வேரிலிருந்தே துளிர்க்கும். ஆனால் குளிர்காலத்தில் நீர் தேங்கும் களிமண்ணில் அதே வேர் அழுகிவிடும். ஆகவே வெயில் முழுதாக விழும் இடமும், மணல் கலந்த, தண்ணீர் நிற்காத நிலமும் வேண்டும். எருவை அள்ளிப் போட்டால் தண்டு நெடுநெடுவென்று வளர்ந்து சாயும். வேர் பிடித்த பிறகு தினமும் தண்ணீர் ஊற்றுவதும் கெடுதல்தான்.

விதைக்குக் குளிர் தேவை. இயற்கையில் இலையுதிர்காலத்தில் விழுந்து, பனிக்காலம் முழுதும் ஈரமண்ணில் கிடந்து, வசந்தத்தில்தான் முளைக்கிறது. வீட்டில் செய்வதென்றால் ஈரமணலில் கலந்து ஒரு மாதமாவது ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு விதைக்கலாம். அதைவிடச் சுலபம், இலையுதிர்காலத்திலேயே வெளியே விதைத்துவிட்டுப் பனியிடம் பொறுப்பை ஒப்படைப்பது. முதல் வருடம் மண்ணுக்கு மேலே பார்க்க ஒன்றும் இருக்காது. சக்தியெல்லாம் வேருக்குப் போகிறது. பூ வர இரண்டு, மூன்று வருடங்கள் ஆகும். அதற்குள் இடம் பிடிக்கவில்லை என்று பிடுங்கி வேறிடத்தில் நட்டால், ஆணிவேர் அறுந்து செடி போய்விடும். எங்கே நடுவது என்பதை ஒரே ஒரு தடவை யோசித்து முடிவெடுத்துவிட வேண்டும்.

இன்னொரு சங்கடம், வசந்தத்தில் எல்லாச் செடிகளும் துளிர்த்த பிறகுதான் இது கண்விழிக்கும். செத்துவிட்டது என்று நினைத்து அந்த இடத்தைக் கொத்திவிடுகிறவர்கள் அநேகம். அதனால் பூப்பாத்தியில் பழைய தண்டின் அடிக்கட்டையை வெட்டாமல் விட்டுவைப்பதோ குச்சி நட்டு அடையாளம் வைப்பதோ நல்லது. புல்வெளியில் வளர்ப்பதென்றால் தீவனப் புல் போல் அடர்ந்து படரும் புல்லோடு சேர்க்கக் கூடாது. கொத்தாக, இடைவெளி விட்டு வளரும் பிரெய்ரிப் புற்களோடுதான் இதற்கு ஒத்துப்போகும். வருடத்துக்கு ஒரு முறை, காய்கள் வெடித்து விதை பறந்த பிறகு அறுத்தால் போதும்.

அந்த விதைப் பஞ்சுக்கு ஒரு கிளைக்கதை உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனதும், அங்கிருந்து வந்த இலவம்பஞ்சு அமெரிக்காவுக்குக் கிடைக்காமல் போயிற்று. கடற்படையின் மிதவைச் சட்டைகளுக்குள் அதுவரை அடைத்துவந்தது இலவம்பஞ்சைத்தான். மாற்றாக, இதே பேரினத்தைச் சேர்ந்த சாதாரண மில்க்வீட் செடியின் காய்களைப் பள்ளிப் பிள்ளைகள் மூட்டை மூட்டையாகப் பொறுக்கித் தந்தார்கள். உள்ளே வெற்றிடமும் மேலே மெழுகுப் பூச்சும் கொண்ட இழை என்பதால் அந்தப் பஞ்சு தண்ணீரில் நன்றாக மிதக்கும்.

இனி, பெயரிலேயே ஒட்டியிருக்கும் பட்டாம்பூச்சி. கோடையின் முடிவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து மெக்சிகோவின் மலைக்காடுகளுக்குப் போகும் மொனார்க் பட்டாம்பூச்சியின் புழுக்கள், பட்டாம்பூச்சிக் களையையும் சேர்த்து மில்க்வீட் எனப்படும் செடிகளின் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. இலையிலுள்ள நச்சைப் புழு உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதை ஒதுக்கும். நம் எருக்கிலையைத் தின்று வளரும் வெந்தய வரியனும் மொனார்க்கின் பேரினத்தைச் சேர்ந்ததுதான். அதனால் பட்டாம்பூச்சிக் களையை நட்டால் மொனார்க்கைக் காப்பாற்றிவிடலாம் என்று விதைப் பாக்கெட்டுகள் ஆசை காட்டுகின்றன. பாதி உண்மை. இந்த இனத்தின் இலையில் அந்த நச்சு குறைவு. மொனார்க் முட்டையிடுவதற்குச் சாதாரண மில்க்வீட்டையும் சதுப்பு மில்க்வீட்டையும்தான் அதிகம் நாடுகிறது. இங்கே அது வருவது பெரும்பாலும் தேனுக்கு. என் கணக்கில் அது குறையில்லை. தேனீ, குளவி, பல வகைப் பட்டாம்பூச்சி, தேன்சிட்டைப் போல நீளமாக மூக்கை நீட்டும் ஹம்மிங்பேர்டு என்று வருவோர் பட்டியல் பெரிது. புழுக்களும் வேண்டுமென்றால் பக்கத்தில் சதுப்பு மில்க்வீட்டையும் நட்டுவிட வேண்டியதுதான்.

தண்டில் மஞ்சள் அசுவினிக் கூட்டம் அப்பும். எருக்கிலும் அரளியிலும் நாம் பார்க்கும் அதே இனம். தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பகுதி விழுந்துவிடும். மருந்து அடித்தால் அசுவினியோடு புழுவும் சாகும். நர்சரியிலேயே செடி முழுதும் பரவும் நியோனிகோட்டினாய்டு மருந்து கொடுத்து விற்கும் நாற்றுகளும் உண்டு. இலை அழகாக, ஓட்டை ஒன்றுகூட இல்லாமல் இருந்தால் வாங்குவதற்கு முன் அந்த மருந்து கொடுத்ததா என்று கேட்டுவிடுவது நல்லது.