வேடந்தாங்கல் பறவைகள் எங்கே இரை தேடுகின்றன?

மார்கழி, தை மாதங்களில் விடிந்தும் விடியாத வேளையில் வேடந்தாங்கல் ஏரிக்கரைக்கு வருகிறவர்கள் பைனாகுலரை முதலில் மரங்களின் பக்கம்தான் திருப்புகிறார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான் அது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கிளைக்குக் கிளை கூடுகள். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் ஒரே மரத்தில் மேலும் கீழுமாகக் குடியிருக்கின்றன. ஆனால் அதே வேளையில் தலைக்கு மேல் நடக்கும் இன்னொன்றை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஒன்று, இரண்டு, ஐந்து என்று பறவைகள் ஏரியை விட்டுப் புறப்பட்டு வெவ்வேறு திசைகளில் போய்க்கொண்டே இருக்கின்றன. இரைக்காகப் போகின்றன. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வரும் பெண்ணைப் போல அவை இந்த ஏரிக்கு வருகின்றன, சரி. ஆனால் இந்தத் தாய்வீட்டில் அடுப்பு எரிவதில்லை, சோறு வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஏரியைக் காத்துவிட்டால் பறவைகளைக் காத்துவிட்டோம் என்று நம்புவது பாதி உண்மை. மீதிப் பாதி அந்தப் பறவைகள் போய் இறங்கும் வயல்களிலும் சிற்றேரிகளிலும் கால்வாய்களிலும் கிடக்கிறது.

கணக்குப் போட்டே இதைக் காட்டலாம். வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர். நல்ல மழை பெய்த பருவத்தில் இங்கே கூடும் பறவைகள் 20,000-ஐத் தாண்டுவதுண்டு. சிறு கொக்குக்குக் குறைவாகவும் கூழைக்கடாவுக்கு அதிகமாகவும் இரை வேண்டியிருக்கும். சராசரியாக ஒன்றுக்கு நாளொன்றுக்குக் கால் கிலோ என்று வைத்துக்கொண்டால், 20,000 பறவைகளுக்கு ஒரு நாளைக்கு 5 டன் இரை வேண்டும். நூறு நாளில் 500 டன். தீனி போட்டு அக்கறையாக வளர்க்கும் மீன்குளத்தில்கூட ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு டன் மீன்தான் கிடைக்கும். அப்படியே வைத்தாலும் இந்த ஏரி முழுவதிலும் ஆண்டுக்கு 150 டன்னைத் தாண்டாது. தோராயக் கணக்குதான், ஆனாலும் இடைவெளி பெரிது. அதை நிரப்புவது சுற்றுவட்டாரம்.

எதைத் தின்கின்றன என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். நத்தைகுத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும்; ஓடுள்ள நத்தையைக் கையாள ஏற்ற அமைப்பு அது. அந்த நத்தைகள் நெல்வயலிலும் ஆழமில்லாத நீர்நிலைகளிலும் வளர்பவை. மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்தபடி முழங்கால் ஆழத் தண்ணீரில் துழாவி, மீன் பட்டதும் கவ்வும். அரிவாள்மூக்கனுக்கு ஈரச் சேறு வேண்டும். நிரம்பி ஆழமாக நிற்கும் ஏரி இந்த மூன்றுக்கும் தோதான இடமல்ல. கூட்டுக்குத்தான் அந்த ஆழம் வேண்டும்: மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் பூனையும் நரியும் எளிதில் நெருங்க முடியாது. கூட்டுக்கு ஏற்ற இடமும் இரைக்கு ஏற்ற இடமும் ஒன்றல்ல என்பதே இந்தப் பறவைகளின் வாழ்க்கை அமைப்பு. வேடந்தாங்கல் உழவர்கள் இதை வேறொரு வழியில் அறிந்திருந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டுத் தடையுத்தரவும் பெற்றார்கள். அந்த உரத்தின் தழைச்சத்தும் மணிச்சத்தும் பெரும்பாலும் பல ஊர் வயல்களிலிருந்து பறவைகள் வயிற்றில் சுமந்து வந்தவை.

இரை தேடும் இடம் கெட்டால் கூடு எவ்வளவு பத்திரமாக இருந்தும் பயனில்லை என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கொடிய சான்று உண்டு. கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் உள்ள அனகாபா தீவில் பழுப்புக் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். 1970-இல் அங்கே கட்டிய 552 கூடுகளிலிருந்து ஒரே ஒரு குஞ்சுதான் தேறியது. கடலில் கலந்த டிடிடி என்ற பூச்சிமருந்து மீன் வழியாகத் தாயின் உடலில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலிதாக்கியது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டைகள் நொறுங்கின. 1972-இல் அந்நாடு டிடிடியைத் தடை செய்த பிறகே பறவைகள் மெல்ல மீண்டன.

ஒரு இடத்தில் இரை குறைந்தால் சிறகுள்ள பறவை வேறிடம் போகாதா என்று கேட்கலாம். கூடு கட்டாத காலத்தில் போகும். குஞ்சு பொரித்த பிறகு அது முளையில் கட்டிய மாடு. கயிறு எட்டும் தூரம்வரைதான் மேய முடியும். இரை தள்ளிப் போகப் போக ஒரு நாளில் கூட்டுக்குத் திரும்பும் தடவைகள் குறையும். நாரை, கொக்கு வகைகளில் முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை. ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் பொரிகின்றன. இரை குறைந்தால் முதலில் சாவது கடைக்குட்டி. கரையில் நிற்பவருக்கு அது தெரியாது, மரம் நிறையப் பறவைகள் இருப்பது மட்டுமே தெரியும். பெரிய நீர்ப்பறவைகள் பல ஆண்டுகள் வாழ்பவை என்பதால், குஞ்சுகள் தேறாமல் போன பின்னும் சில பருவங்களுக்குக் கூட்டம் குறையாததுபோலவே இருக்கும்.

இன்னொரு மறுப்பு கனமானது: வயலையெல்லாம் சரணாலயம் என்று அறிவித்தால் உழவர் என்ன செய்வார்? 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டர். அதில் ஏரி அரை விழுக்காடுகூட இல்லை. மற்றதில் ஊர்களும் வயல்களும் உள்ளன, உழவும் அறுவடையும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. நெல் விளைவதால்தான் நத்தையும் தவளையும் இருக்கின்றன, ஆகவே இங்கே உழவர் பறவைக்கு எதிரி இல்லை. ஆலைக் கழிவு, வயலை மண் கொட்டி மூடுவது, அளவில்லாத பூச்சிமருந்து ஆகியவையே கேடு. அவை உழவரையும் விடுவதில்லை. 2020-இல் அந்த 5 கிலோமீட்டரை 3 ஆகச் சுருக்கும் யோசனை வந்தபோது எழுந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. 3 கிலோமீட்டர் வட்டம் என்றால் 28 சதுர கிலோமீட்டர், அதாவது 5 கிலோமீட்டர் வட்டத்தின் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல்.

வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இனி வேண்டியது, இந்தப் பறவைகள் எந்தெந்த ஏரிக்கும் வயலுக்கும் போகின்றன என்ற வரைபடம். அதன் தொடக்க வேலையைக் காலையில் கரைக்கு வருகிறவர்களே செய்யலாம்: எந்தப் பறவை, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் போனது என்று ஒரு நோட்டில் குறித்தால் போதும். மதுராந்தகம் பக்கம் எத்தனை, உத்திரமேரூர் பக்கம் எத்தனை என்று ஒரு பருவம் முழுக்கச் சேர்த்தால், எந்த ஊர் ஏரிகளை முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.