மறையும் பனிக்குச் சாட்சி சொல்லும் மலைப் படங்கள்

புது தில்லி: இமயமலையில் பனிச்சறுக்குக்கும் மலையேற்றத்துக்கும் செல்வோர் எடுக்கும் புகைப்படங்கள் வெறும் அழகுப் பொருளாகக் கருதப்பட்ட நிலை மாறி வருகிறது. பனி எப்போது விழுந்தது, எவ்வளவு நாள் தங்கியது என்பதற்கான சாட்சியங்களாகவும் அவை மதிப்புப் பெற்று வருகின்றன.

காஷ்மீரில் "சில்லை கலான்" எனப்படும் கடுங்குளிரின் 40 நாள்கள் டிசம்பர் 21-இல் தொடங்கும். குல்மார்க்கின் சரிவுகளில் பனிச்சறுக்கு வீரர்கள் திரளும் பருவம் அது. ஆனால் 2024 ஜனவரி முதல் வாரங்களில் அந்தச் சரிவுகள் பழுப்பு நிறப் புல்வெளியாகக் கிடந்தன. முன்னாள் முதல்வராக அப்போது இருந்த ஒமர் அப்துல்லா, முந்தைய ஆண்டுகளில் ஜனவரி 6-ஆம் தேதி எடுக்கப்பட்ட படங்களைச் சமூக வலைதளத்தில் வெளியிட்டு ஒப்பிட்டுக் காட்டினார். பனிப்பொழிவு தாமதமாக வந்ததால் அந்த ஆண்டு கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பிப்ரவரியில் நடந்தேறின. மறு ஆண்டோ பனி போதாமல், பிப்ரவரி 22-இல் குல்மார்க்கில் தொடங்கவிருந்த போட்டிகள் மார்ச் 9-க்குத் தள்ளிவைக்கப்பட்டன.

ஒரே மலை, நான்கு முகங்கள்: உத்தரகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில் உள்ள அவுலி, ஆண்டு முழுவதும் கேமராவுக்கு வேலை தரும் இடம். 7,816 மீட்டர் உயர நந்தாதேவி சிகரம் அங்கிருந்து நேராகத் தெரியும். ஜனவரி, பிப்ரவரியில் பனிச்சறுக்குத் தடங்கள். ஏப்ரலில் மாநில மரமான புராஂஸின் செந்நிறப் பூக்கள். மழைக்காலத்தில் மேகம் விலகும் சில நிமிடங்களில் மட்டும் தரிசனம் தரும் சிகரங்கள். அக்டோபரில் கழுவித் துடைத்ததுபோன்ற வானம். அவுலிக்கு மேலுள்ள கோர்சன் புல்வெளிக்குக் கோடையில் நடந்து சென்ற அதே பாதையில், குளிர்காலத்தில் பனிச்சறுக்குப் பலகைகளுடன் ஏறுகிறார்கள்.

பனியைப் படமெடுப்பது எளிதன்று. வெண்மையைச் சாம்பல் நிறமாகக் கணக்கிடுவது கேமராவின் ஒளி அளவியின் இயல்பு. எனவே ஒன்று முதல் இரண்டு "ஸ்டாப்" கூடுதல் ஒளி தர வேண்டும். குளிரில் பேட்டரி விரைவில் தளரும் என்பதால், மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடல் சூட்டில் வைத்திருப்பது வழக்கம். வெதுவெதுப்பான அறைக்குள் நுழையுமுன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் மூடிவிட்டால் லென்ஸில் நீர் படியாது.

160 ஆண்டு ஆவணம்: கங்கோத்ரி பனிப்பாறையின் முகப்பான கோமுக்கை ஆங்கிலேயர் சாமுவேல் போர்ன் 1866-லேயே படமெடுத்துள்ளார். கண்ணாடித் தகடுகளையும் ரசாயனங்களையும் சுமையாளர்கள் சுமந்துசென்ற காலம் அது. அந்தப் படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்தால் பனிப்பாறை பின்வாங்கியிருப்பது விளங்கும்.

எனினும், பனியில்லாத ஒரு படம் பருவநிலை மாற்றத்துக்குச் சான்றாகிவிடாது. மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் ஓராண்டு வலுவிழந்தாலே இமயத்தில் பனி குறையும். ஒரே இடத்தில், ஒரே தேதியில், ஆண்டுதோறும் எடுத்த படங்களே பேசும். செயற்கைக்கோள் அளவீடுகளோடு அவற்றைப் பொருத்திப் பார்க்கவும் வேண்டும். இந்துகுஷ் - இமயமலைப் பகுதியில் 2025 குளிர்காலத்தில் பனி தங்கிய அளவு இயல்பைவிட 23.6 சதவீதம் குறைவு, 23 ஆண்டுகளில் மிகக் குறைந்த அளவு என்று காத்மாண்டுவில் உள்ள ஐசிமோட் நிறுவனம் கணித்தது.

மறைக்கப்படும் படங்கள்: ஜோஷிமட் (ஜோதிர்மட்) நகரம் 2023 ஜனவரியில் புதைந்தபோது அவுலிக்கான ரோப்கார் நிறுத்தப்பட்டது. 2022 டிசம்பர் 27 முதல் 12 நாள்களில் நகரம் 5.4 செ.மீ. இறங்கியதாக இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் வெளியிட்ட செயற்கைக்கோள் படங்கள் சில நாள்களில் விலக்கிக்கொள்ளப்பட்டன. அனுமதியின்றி ஊடகங்களிடம் பேச வேண்டாம் என அரசு நிறுவனங்களுக்குத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்தியது. மக்களின் பீதியைத் தவிர்க்கவே இந்த நடவடிக்கை என விளக்கம் தரப்பட்டாலும், விரிசல் விட்ட வீடுகளில் வசித்தவர்களுக்கே தங்கள் ஊரைப் பற்றிய தகவல் மறுக்கப்பட்டதாக விமர்சனம் எழுந்தது.

பனிப்பாறைகளைக் கண்காணிப்பது குறித்து நீர்வளத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2023 மார்ச்சில் அறிக்கை அளித்தது. பல்வேறு துறைகளிடம் சிதறிக் கிடக்கும் இப்பணியை ஒருங்கிணைக்க ஒரே தலைமை அமைப்பு வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. அத்தகைய அமைப்பு உருவாகும்போது, தேதியும் இடமும் குறிக்கப்பட்ட பொதுமக்களின் படங்களுக்கும் அதில் இடம் தரலாம். எல்லைப் பகுதிகளில் ராணுவ நிலைகளைப் படமெடுக்க உள்ள தடை இதற்குக் குறுக்கே நிற்காது. மலை முகடுகள் ரகசியம் அல்ல.

குளிரில் சேரும் பனிதான் கோடையில் காஷ்மீரின் ஓடைகளுக்கும் ஆப்பிள் தோட்டங்களுக்கும் நீர் தருகிறது. அது குறைவதை அறிந்துகொள்ளும் உரிமை முதலில் அந்த மலைமக்களுக்கு உரியது.