அடுப்பே மூட்டாமல் பிஸ்கட் கேக்காவது எப்படி?

பிலிப்பைன்ஸ் வீடுகளில் 'மேங்கோ ஃப்ளோட்' என வழங்கும் இனிப்பில், கோதுமை பிஸ்கட்டும், கிரீமோடு கண்டென்ஸ்டு மில்க் (சர்க்கரை சேர்த்துச் சுண்டவைத்த பால்) கலந்த நுரையும், மாம்பழத் துண்டுகளும் அடுக்கப்பட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு விடப்படுகின்றன. மறுநாள் மொறுமொறுத்த பிஸ்கட் மெத்தென்ற கேக்காகியிருப்பது ஏன்?

பிஸ்கட் சுடப்படும்போதே அதன் நீர் பெரும்பாலும் வெளியேறிவிட, மாவுச்சத்தும் சர்க்கரையும் விறைத்து இறுகி நிற்பதே மொறுமொறுப்பு எனப்படுகிறது. 80 விழுக்காட்டுக்கு மேல் நீருள்ள மாம்பழத்திலிருந்தும் கிரீமிலிருந்தும் ஈரம் உலர்ந்த பக்கத்தை நோக்கி மெல்ல நகர்ந்து அவ்விறுக்கத்தைத் தளர்த்துகிறது. ஐப்பசி மழையில் மூடாமல் வைத்த முறுக்கு நமத்துப்போவதும் இதே செயல்தான். அங்கே குற்றமாவது இங்கே சமையல் முறையாகிறது.

கிரீமை அடிக்கும்போது நுழையும் காற்றுக் குமிழிகளைக் கொழுப்புத் துளிகள் சூழ்ந்து பிடிக்கின்றன. அத்துளிகள் குளிரில்தான் கெட்டியாக நிற்கும் என்பதால், தருமபுரியின் சித்திரை வெயிலில் பாத்திரத்தையும் முன்பே குளிர்விக்காவிடில் நுரை சரிந்துவிடும். அட்டைப்பெட்டியில் விற்கும் 25 விழுக்காட்டுக் கொழுப்புள்ள கிரீம் எவ்வளவு அடித்தாலும் நிற்காது. குறைந்தது 30 வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாங்கூழ் ஆலைகள் பெரிதும் நாடும் பெங்களூரா மாம்பழத்தைவிட, நாரும் புளிப்பும் குறைந்த அல்போன்சாவோ பங்கனப்பள்ளியோ இதற்கு ஏற்றது. பிஸ்கட்டுக்கு மாரி வகையே போதும். ஆனால் அடுக்கிக் குளிரவைத்து ஆறு மணி நேரம் ஆகும் முன் கத்தியை எடுக்க வேண்டாம்.