களத்திலேயே முடிவாகும் காப்பி

நிலக்கடலையில் வரும் பூஞ்சை நஞ்சுக்குக் காப்பியிலும் ஓர் உறவுக்காரன் உண்டு. பெயர் ஆக்ரடாக்சின்-ஏ, 1965இல் தென்னாப்பிரிக்காவில் கண்டறியப்பட்டது, சிறுநீரகத்தைக் கெடுப்பது. ‘கொட்டையை 200 டிகிரிக்கு மேல் வறுக்கிறோமே, அதில் எந்தப் பூஞ்சை பிழைக்கும்?’ என்று கேட்பார்கள். பூஞ்சை பிழைக்காதுதான். ஆனால் அது சுரந்துவிட்டுப் போன நஞ்சு உயிர் அல்ல, வேதிப்பொருள். வறுவலில் அது எவ்வளவு குறைகிறது என்று அளந்தவர்களின் விடைகள் ஒத்துப்போவதே இல்லை. சிலருக்கு ஏறக்குறைய ஒன்றும் குறையவில்லை. சிலருக்கு 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. எவ்வளவு கறுக வறுத்தார்கள் என்பது ஒரு காரணம். மூட்டைக்குள் நஞ்சு சீராகப் பரவியிருக்காது என்பது இன்னொன்று: ஒரு கைப்பிடியில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. குறைந்ததிலும் ஒரு பங்கு அழியவில்லை, தோல் சருகோடு பறந்துபோகிறது, அவ்வளவுதான். இப்படி ஆளுக்கொரு கணக்குக் காட்டும் அடுப்பைக் காவலுக்கு வைக்க முடியாது.

காவல் வேண்டியது உலர்களத்தில். பழம் ஈரமாக இருக்கும்வரை ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் இந்தப் பூஞ்சையைத் தலைதூக்க விடுவதில்லை. ஈரம் 12 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டால் எதுவும் வளராது. ஆபத்தெல்லாம் இடையிலுள்ள அரைக்காய்ச்சலில்தான். அதை 5 நாளுக்குள் தாண்டிவிட்டால் போதும் என்கிறது உலக உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் 2009ஆம் ஆண்டு நெறிமுறை. குடகிலும் வயநாட்டிலும் பழத்தை மெல்லிசாகப் பரப்பிக் கிளறிக்கொண்டே இருப்பதும், பனிக்கு முன் குவித்து மூடுவதும் இதற்காகத்தான். ஒரு கை அள்ளிக் குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலக்க வேண்டும். அந்தச் சத்தம் வருமுன் மூட்டை கட்டினால் கிடங்கில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அப்படியானால் தோலோடு உலர்த்தும் செர்ரி காப்பியே வேண்டாம், கழுவிய பிளாண்டேஷன் போதும் என்று சொல்லலாமா? தோலில் நஞ்சு கூடுதலாகச் சேரும், காயவும் நாளாகும் என்பது மெய்தான். ஆனால் கழுவிய கொட்டையையும் ஈரத்தோடு குவித்து வைத்தால் அதே கதிதான். முறையைவிடக் காய்ச்சலே முக்கியம்.

இவ்வளவு கவலை தேவையா என்று கேட்பவர்களிடம் கணக்கு இருக்கிறது. 2023 முதல் ஐரோப்பிய ஒன்றியம் வறுத்த காப்பியில் கிலோவுக்கு 3 மைக்ரோகிராம்தான் அனுமதிக்கிறது. அந்த அளவிலுள்ள தூளில் ஒரு குவளைக்கு 10 கிராம் போட்டால், நஞ்சு முழுவதும் டிகாக்‌ஷனில் இறங்கினாலும் 30 நானோகிராம். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழுவின் வரம்போ, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 100 நானோகிராம். 60 கிலோ ஆள் வாரம் 200 குவளை குடித்தால்தான் அதைத் தொடுவார். ‘பூஞ்சையற்ற காப்பி’ என்று பயமுறுத்தி விற்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். ஆனால் களத்துக்காரருக்கு இது விடுமுறைச் சீட்டு ஆகாது. இதே நஞ்சு தானியத்திலும் உலர் திராட்சையிலும் வருகிறது. ரத்தத்தில் பாதியளவு குறையவே ஏறத்தாழ 35 நாள் ஆகிறது. மரபணுவை இது நேரடியாகத் தாக்காது என்று உறுதி சொல்ல முடியாததால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தன் வார வரம்பை 2020இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.